பழைய ஸ்பெக்ட்ரம் அனலைசரும் காணாமல் போன மூன்று டெசிபலும்

ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்பது ஒரு சிக்னலில் எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வலிமை இருக்கிறது என்று திரையில் காட்டும் கருவி. பழையதாக ஒன்றை வாங்கப் போகிறவர்கள் திரை ஒளிர்கிறதா, பொத்தான்கள் வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், கருவியே வெளியிடும் அளவுத்திருத்த சிக்னலை அதன் உள்ளீட்டில் கொடுத்து, சொன்ன இடத்தில் வந்து நிற்கிறதா என்று சோதிப்பார்கள். நின்றுவிட்டால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவார்கள். அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிய ஒரு கருவி, மூன்று டெசிபல் (சிக்னலின் வலிமையை ஒப்பிடும் அளவு) பொய் சொல்லிக்கொண்டிருந்ததைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் வந்தது ஹெச்பி 8568பி. 100 ஹெர்ட்ஸிலிருந்து 1.5 கிகாஹெர்ட்ஸ் வரை பார்க்கும். இதன் முந்தைய வடிவமான 8568ஏ 1978-இல் வெளிவந்தது. இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கருவி இது: மேலே திரையும் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) பகுதியும், கீழே சிக்னலை உள்வாங்கும் ஆர்எஃப் (வானொலி அதிர்வெண்) பகுதி. இரண்டும் சேர்ந்து சுமார் 45 கிலோ. இதைத் தயாரித்த அளவுக்கருவிப் பிரிவு 1999-இல் அஜிலன்ட் ஆகி, 2014-இல் கீசைட் ஆகிவிட்டது. உதிரிபாகம் கேட்டு அங்கே எழுதுவதில் பயனில்லை. ஆனால் அந்தக் காலத்து சர்வீஸ் மேனுவல்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒவ்வொரு போர்டுக்கும் சர்க்யூட் படம் போட்டு, எந்த இடத்தில் எவ்வளவு வோல்டேஜ் இருக்க வேண்டும் என்றுகூட எழுதியிருப்பார்கள். புதிய கருவியை விட்டுவிட்டு இந்த இரும்புச் சுமையை நான் விரும்பியதற்கு அதுவே காரணம்.

சென்னையில் ஏலத்தில் எடுத்து விற்கும் ஒருவரிடமிருந்து லாரி பார்சலில் காரைக்குடிக்கு வந்தது. நான் வேலை பார்க்கும் அறை, பழைய வீடு ஒன்றின் இரண்டாங்கட்டில் இருக்கிறது. பெட்டிகளை முகப்பிலிருந்து உள்ளே தூக்கிக்கொண்டு போனபோது வீட்டுக்கார ஆச்சி ஊஞ்சலில் இருந்தபடியே கேட்டார்: “தம்பி, பழையதை விற்கத்தான் எல்லாரும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகிறார்கள். நீ என்ன, வெளியூரிலிருந்து வாங்கிக்கொண்டு வருகிறாய்?” பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன தெரு அது. பதில் சொல்ல எனக்கு மூச்சு மிச்சமில்லை.

செட்டிநாட்டு வீட்டில் கருவி வைத்துக்கொள்வதில் ஒரு வசதி இருக்கிறது. தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சேர்ந்து, சித்திரை வெயிலிலும் அறையின் வெப்பநிலையைப் பெரிதாக ஏறவிடுவதில்லை. வீச்சு (சிக்னலின் உயரம்) அளவீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. காலையில் அளந்ததற்கும் மாலையில் அளந்ததற்கும் வேறுபாடு வந்தால், பழுதா வெப்பமா என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பாதி உயிர் போய்விடும். எந்தப் பழைய அனலைசரையும் குறைந்தது அரை மணி நேரம் சூடாகவிட்ட பிறகே அதன் எண்களைத் தாளில் எழுத வேண்டும். மின்வெட்டு வந்தால் மறுபடியும் அரை மணி நேரம்.

நான் அமெச்சூர் வானொலிக்காரன். சொந்தமாகக் கட்டிய 7 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரின் வடிகட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் இதை வாங்கினேன். டிரான்ஸ்மிட்டரை நேராக இணைத்தால் உள்ளீடு கருகிவிடும். 1 வாட்டுக்கு மேல் தாங்காது. எனவே சிக்னலின் வலிமையைக் குறைக்கும் பெரிய அட்டெனுவேட்டர் வழியாகச் சில மில்லிவாட்டுகளுக்கும் கீழே இறக்கித்தான் கொடுத்தேன். திரையில் 7 மெகாஹெர்ட்ஸில் உயரமாக ஒரு கோடு, அதன் இரு மடங்கான 14-இல் குட்டையாக ஒன்று. இப்படி மடங்குகளில் வருவதை ஹார்மோனிக் என்பார்கள். இந்தக் குட்டைக் கோடு டிரான்ஸ்மிட்டரில் பிறந்ததா, அனலைசரின் மிக்சரிலேயே (அதிர்வெண்ணை மாற்றும் உறுப்பு) பிறந்ததா என்று அறிய ஒரு பழைய சோதனை உண்டு. கருவியின் உள் அட்டெனுவேட்டரை 10 டெசிபல் கூட்டிப் பார்க்க வேண்டும். கருவி உள்ளே 10 டெசிபலைக் குறைத்துவிட்டு, பின்னால் ஐஎஃப் பகுதியில் அதே 10 டெசிபலைக் கூட்டிக்கொள்ளும். ஆகவே உண்மையான சிக்னல் அசையக் கூடாது. அடியில் உள்ள இரைச்சல் மட்டும் 10 டெசிபல் மேலே வர வேண்டும். ஹார்மோனிக் கோடு மட்டும் இறங்கினால் அது மிக்சரின் கைவரிசை.

என் திரையில் இரண்டு கோடுகளும் சேர்ந்து மூன்று டெசிபல் மேலே ஏறின.

ஹார்மோனிக் மட்டும் ஏறியிருந்தாலோ இறங்கியிருந்தாலோ மிக்சரைச் சந்தேகித்திருக்கலாம். முதன்மை சிக்னலும் சேர்ந்து நகர்ந்தால் பிரச்சினை அட்டெனுவேட்டரிலோ, அதை ஈடுகட்டும் ஐஎஃப் பெருக்கத்திலோ இருக்கிறது என்று பொருள். மூன்று டெசிபல் என்றால் திறனில் இரு மடங்கு. பேசாமல் விட்டுவிடக்கூடிய பிழை அல்ல.

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் மூடியைக் கழற்றுகிறார்கள். நான் அதற்கு எதிரி. இந்த வயதுக் கருவியில் மூடியைக் கழற்றினால், இருந்த பழுதோடு கேபிள் தளர்வும் திருகு இழப்பும் சேரும். உள்ளே திரைக்குழாய்க்குச் செல்லும் ஆயிரக்கணக்கான வோல்ட் வேறு காத்திருக்கிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டர்களில் மிச்சம் இருக்கும். முன்பலகைப் பொத்தான்களை வைத்தே பழுது எந்தப் பகுதியில் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். ஒரே நிபந்தனை: சிக்னல் மாறக் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு பொத்தானை மட்டுமே மாற்ற வேண்டும்.

முதலில், கருவி தானாகச் செய்துகொள்ளும் பிழைத் திருத்தத்தை அணைத்தேன். 8568பி-யில் ‘ஷிஃப்ட் டபிள்யூ’ கொடுத்தால் அது தன்னைத்தானே அளந்து ஒரு திருத்தப் பட்டியலைத் தயாரிக்கும். ‘ஷிஃப்ட் எக்ஸ்’ அந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தும். ‘ஷிஃப்ட் ஒய்’ அணைத்துவிடும். பழுது தேடும்போது திருத்தம் அணைந்தே இருக்க வேண்டும். ஒப்பனை போட்ட எண்களை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது.

பிறகு 20 மெகாஹெர்ட்ஸில் ஒரு சிக்னலைக் கொடுத்து, அட்டெனுவேட்டரை 0-விலிருந்து 70 வரை படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் காட்டிய அளவை எழுதினேன். 10, 30, 50, 70 ஆகிய படிகளில் ஒரே எண். 0, 20, 40, 60 ஆகியவற்றிலும் ஒரே எண். ஆனால் முன்னதைவிட மூன்று டெசிபல் கூடுதல். இந்தத் தாளைப் பார்த்ததும் எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. 70 டெசிபல் அட்டெனுவேட்டர் என்பது ஏழு தனித்தனிப் பத்துகள் அல்ல. 10, 20, 40 என்று மூன்று பகுதிகள். அவற்றைச் சேர்த்தும் விலக்கியும் எட்டு படிகள் கிடைக்கின்றன. ஒற்றைப்படைப் பத்துகள் எல்லாவற்றிலும் 10 டெசிபல் பகுதி உள்ளே இருக்கும். இரட்டைப்படைப் பத்துகளில் வெளியே இருக்கும். 20, 30, 60, 70-இல் பிழை வந்திருந்தால் 20 டெசிபல் பகுதியைச் சந்தேகிக்கலாம். 40 முதல் 70 வரை எல்லாமே பிழை என்றால் 40 டெசிபல் பகுதி. எல்லாப் படிகளிலும் ஒரே அளவு பிழை என்றால் அட்டெனுவேட்டர் நிரபராதி. தேட வேண்டியது வேறு இடம். சில கருவிகளில் பகுதிகளின் பங்கீடு வேறாக இருக்கும். மேனுவலைப் பார்த்து அதற்கேற்பக் கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

8568பி-யில் இரண்டு உள்ளீடுகள் உண்டு: ஒன்று பிஎன்சி வகைக் கனெக்டர், மற்றொன்று ‘N’ வகை. இரண்டிலும் ஒரே பிழைதான் வந்தது. ஆகவே கனெக்டர்களையும் உள்ளீட்டைத் தேர்வு செய்யும் ரிலேயையும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

இனிக் கேள்வி, இரண்டு அணிகளில் பொய் சொல்வது எது? கருவியின் சொந்த அளவுத்திருத்த சிக்னல் 20 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 10 டிபிஎம் (1 மில்லிவாட்டை 0 என்று வைத்து டெசிபலில் சொல்லும் திறன்). அதைக் கொடுத்தால் 10 டெசிபல் படியில் கச்சிதமாக மைனஸ் 10 காட்டியது; 20 டெசிபல் படியில் மைனஸ் 7. பார்த்த மாத்திரத்தில் 10, 30, 50, 70 அணி யோக்கியர்கள் என்றுதான் தோன்றும். ஆனால் அளவுத்திருத்த சிக்னலே தவறாக இருந்தால்? அதையும் சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஊரில் அளவுத்திருத்த ஆய்வகம் இல்லை என்று புலம்பும் நண்பர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அலைவடிவத்தைத் திரையில் காட்டும் ஒரு சாதாரண ஆஸிலாஸ்கோப்பும், 50 ஓம் முடிவுத்தடையும், நல்ல சைன் அலை தரும் ஜெனரேட்டரும் போதும். 50 ஓமில் 0 டிபிஎம் என்பது உச்சியிலிருந்து உச்சிக்கு 632 மில்லிவோல்ட். மைனஸ் 10 டிபிஎம் என்பது சரியாக 200 மில்லிவோல்ட். ஸ்கோப்பின் செங்குத்துப் பிழை 3 சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட அது கால் டெசிபல்தான். மூன்று டெசிபல் திருடனைப் பிடிக்க இது தாராளம். இரண்டு இடத்தில் எச்சரிக்கை தேவை. 50 ஓம் முடிவுத்தடை இல்லாமல் ஸ்கோப்பில் பார்த்தால் வோல்டேஜ் இரு மடங்காகத் தெரியும். அது 6 டெசிபல் பிழை. அடுத்தது, 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் 100 மெகாஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைத்துக் காட்டும். எனவே ஒப்பீட்டை 10, 20 மெகாஹெர்ட்ஸிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜெனரேட்டரை 20 மெகாஹெர்ட்ஸில் 200 மில்லிவோல்ட்டுக்கு அமைத்து, அதே கேபிளை அப்படியே அனலைசருக்கு மாற்றினேன். 10 டெசிபல் படியில் மைனஸ் 10.1. ஆக அளவுத்திருத்த சிக்னல் உண்மையானதுதான். அதை நேராக ஸ்கோப்பில் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். ஹார்மோனிக் கலந்த சிக்னலுக்கு உச்சி அளவை வைத்துத் திறனைக் கணக்கிட முடியாது. சுத்தமான சைன் அலையை ஒரு கையிலும் அதை மறு கையிலும் வைத்துக்கொண்டு, அனலைசரை வெறும் ஒப்பீட்டுக் கருவியாகப் பயன்படுத்துவதே பத்திரம்.

இப்போதும் 10 டெசிபல் படிதான் யோக்கியன் போலத் தெரிந்தது. இதை நம்பி 20, 40 பகுதிகளையும் ஐஎஃப் பெருக்கத்தையும் தேடிப் போயிருந்தால் ஒரு மழைக்காலமே போயிருக்கும். தடுத்தது பின்பக்கத்துக் கேபிள்.

ஆர்எஃப் பகுதியிலிருந்து மேலே ஐஎஃப் பகுதிக்கு 21.4 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் கோஆக்சியல் கேபிள் வழியாகப் போகிறது. கருவியை இரண்டாகப் பிளந்து பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே கிடைப்பது அட்டெனுவேட்டர் செய்த வேலை மட்டும். அதை ஈடுகட்டும் பெருக்கம் இன்னும் நடக்கவில்லை. ஸ்பேனை (திரையில் தெரியும் அதிர்வெண் அகலத்தை) சுழியமாக்கி, 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, அந்தக் கேபிளைக் கழற்றி 50 ஓமோடு ஸ்கோப்பில் போட்டேன். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் வோல்டேஜ் 0.316 பங்காகக் குறைய வேண்டும். 0-விலிருந்து 10-க்குப் போனபோது 0.22 பங்காகக் குறைந்தது. அதாவது 13 டெசிபல். 10-இலிருந்து 20-க்கு 0.45 பங்கு, 7 டெசிபல். 20-இலிருந்து 30-க்கு மறுபடியும் 13. அதற்கு மேல் ஸ்கோப்பின் இரைச்சலில் சிக்னல் மறைந்துவிட்டது. ஆனால் தேவைப்பட்டது கிடைத்துவிட்டது. 0-விலிருந்து 20-க்கு மொத்தம் சரியாக 20. 20 டெசிபல் பகுதி குற்றமற்றது. 10 டெசிபல் பகுதி 13 டெசிபலைத் தின்றுகொண்டிருக்கிறது.

அப்படியானால் 10 டெசிபல் படியில் அளவு கச்சிதமாகக் காட்டியது எப்படி? முன்பலகையில் ‘ஆம்ப்ளிட்யூட் கேல்’ என்று ஒரு சிறு திருகு உண்டு. அளவுத்திருத்த சிக்னலைக் கொடுத்து, மைனஸ் 10 வரும்வரை அதைத் திருக வேண்டும் என்பதுதான் முறை. கருவியை இயக்கியதும் அட்டெனுவேட்டர் 10 டெசிபலில்தான் நிற்கும். ஆகவே அந்தப் பகுதி பழுதானபோது, முறைப்படி திருகிய எவரும் காணாமல் போன மூன்று டெசிபலைப் பின்னால் பெருக்கத்தில் சேர்த்துவிட்டிருப்பார். விளைவு: பழுதான பகுதி இருக்கும் படிகள் சரியாகவும், பழுதில்லாத படிகள் மூன்று டெசிபல் கூடுதலாகவும் காட்டும். நகரத்தார் வீட்டுக் கணக்குப்பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஐந்தொகை நேராகவில்லை என்றால், விட்டுப்போன தொகையை வேறொரு தலைப்பில் எழுதி இரு பக்கத்தையும் சமன் செய்துவிடலாம். கூட்டல் சரியாக இருக்கும், கணக்கு தவறாக இருக்கும். கருவி தன்னைத்தானே சரிபார்த்து ‘சரி’ என்று சொன்னால், அந்த ஒரு அதிர்வெண்ணில், அந்த ஒரு படியில் கூட்டல் சரி என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொடுக்கக் கூடாது.

இதற்கு இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது. அந்தத் திருகு ஏறக்குறைய ஒரு ஓரத்தில் போய் முட்டிக்கொண்டிருந்தது. நல்ல நிலையில் உள்ள கருவியில் இத்தகைய திருகுகள் நடுப்பகுதியை ஒட்டியே இருக்கும். பழைய கருவி பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு சிறு ஸ்குரூ டிரைவர் கொண்டுபோய், விற்பவரின் அனுமதியோடு, எந்தப் பக்கம் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.

அட்டெனுவேட்டர் பகுதி ஏன் 13 டெசிபல் தின்கிறது? உள்ளே மெல்லிய உலோகப் பட்டை ஒன்றை சோலனாய்டு நகர்த்தி, தடை உள்ள பாதைக்கோ நேர்ப் பாதைக்கோ மாற்றும். தொடும் இடத்தில் படலம் படிந்தால் இணைப்பு அரைகுறையாகிவிடும். மூடியைத் திறக்கும் முன் ஒரு எளிய சோதனை: 0-வுக்கும் 10-க்கும் இடையே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருப்பது. ‘டக் டக்’ என்ற ஓசை கேட்டு ஆச்சி எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுத்தினேன். பிழை மூன்றிலிருந்து ஒன்றுக்கும் கீழே வந்தது. மறுநாள் காலை பழையபடி மூன்றுக்கே போய்விட்டது. இது நல்ல செய்தி. தடை கருகியிருந்தால் பிழை இப்படி அசையாது. அசைகிற பிழை தொடுமுனையின் பிழை. யாரோ நேரடியாக டிரான்ஸ்மிட்டரைச் செருகித் தடையைக் கருக்கியிருந்தால் வேறு அட்டெனுவேட்டர் தேடுவதைத் தவிர வழி இருந்திருக்காது.

கழற்றுவதற்கு எஸ்எம்ஏ என்ற சிறு கனெக்டரின் நட்டுக்குப் பொருந்தும் 5/16 அங்குல ஸ்பானர் வேண்டும். கொறடு போட்டுத் திருகினால் வளையாத கேபிளின் முனையே முறுக்கிக்கொள்ளும். கேபிள்கள் இருந்த விதத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். அட்டெனுவேட்டரைத் திறந்தபோது பூதக்கண்ணாடியில் தெரிந்தது, தொடுமுனை ஒன்றில் தேநீர்க்கறை நிறத்தில் ஒரு படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத தாளின் கீற்றை இடையில் செருகி, பட்டையை லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு கீற்றை உருவினேன். கீற்றில் கறை வராத வரை இதைச் செய்தால் போதும். பென்சில் அழிப்பான், உப்புத்தாள், கடையில் விற்கும் எண்ணெய்ப் பசையுள்ள ஸ்பிரே ஆகிய மூன்றும் இங்கே விலக்கு. தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஒருமுறை சுரண்டிவிட்டால் அடுத்த ஆண்டு அதே பழுது இரு மடங்காக வரும். பட்டையை விரலால் தொட்டு நேராக்க ஆசை வரும், அதையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

மூடிய பிறகு அதே பின்பக்கக் கேபிளில் அளந்தேன். 0-விலிருந்து 10-க்கு 10.2 டெசிபல், 10-இலிருந்து 20-க்கு 9.9. பிறகுதான் முன்பலகைத் திருகைத் தொட்டேன். அது தானாகவே நடுப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. கடைசியாக ‘ஷிஃப்ட் டபிள்யூ’. வரிசை முக்கியம்: பழுது நீக்கம், திருகு, தானியங்கித் திருத்தம். தலைகீழாகச் செய்தால் பழுது மறுபடியும் திருத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

மற்றச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரெசல்யூஷன் பேண்ட்விட்த்தை (ஒரு நேரத்தில் கருவி பார்க்கும் அதிர்வெண் அகலத்தை) அகலத்திலிருந்து குறுகலுக்கு மாற்றிக்கொண்டே வந்து சிக்னலின் உச்சி நகர்கிறதா என்று பார்த்தேன். அரை டெசிபலுக்குள்தான் இருந்தது. குறுகிய பேண்ட்விட்த்தில் ஸ்வீப் வேகத்தை (அதிர்வெண்களைக் கருவி வரிசையாகக் கடந்து செல்லும் வேகத்தை) நாமாகக் கூட்டிவிட்டால் வடிகட்டி நிறைவதற்குள் சிக்னல் கடந்துபோய், உச்சி தாழ்ந்து தெரியும். அதைப் பழுது என்று நினைத்துக் கருவியைத் திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

சிக்னலை டெசிபல் அளவாக மாற்றும் லாக் ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்க, வெளியே ஒரு நம்பகமான அட்டெனுவேட்டர் வேண்டும். இங்கேதான் எங்கள் ஊரின் ஒரு நன்மை கைகொடுத்தது. 1953-இல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி திறக்கப்பட்டதிலிருந்து, அழகப்பா கல்லூரிகளின் ஆய்வகங்களையும் சேர்த்து, காரைக்குடியில் கருவிகளைத் தொட்டுப் பழகிய மனிதர்களுக்குப் பஞ்சமில்லை. அப்படி ஓய்வுபெற்ற ஒரு அண்ணன், 120 டெசிபல் வரை பத்துப் பத்தாகக் கூடும் ஹெச்பி 355டி ஒன்றைக் கொடுத்தார். “கொடுக்கிறேன், ஆனால் நம்பாதீர்கள். முதலில் அதையே அளந்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்” என்றார். அது நேர்மின்னோட்டத்திலிருந்தே வேலை செய்யும் வகை. ஆகவே வெளியீட்டில் 50 ஓம் போட்டு, உள்ளீட்டில் 1 வோல்ட் டிசி கொடுத்து, மல்டிமீட்டரிலேயே சோதித்துவிடலாம்: 10 டெசிபலுக்கு 0.316 வோல்ட், 20-க்கு 0.1 வோல்ட். அது தேறியது. அதை வைத்துப் பத்துப் பத்தாக இறக்கியபோது என் திரையில் சிக்னல் கட்டம் கட்டமாக ஒழுங்காக இறங்கியது. அடியில் இரைச்சலை நெருங்கும்போது மட்டும் கொஞ்சம் தயங்கியது. இரைச்சல் அருகில் வந்தால் எந்தக் கருவியும் அப்படித்தான்.

வெளி அட்டெனுவேட்டர் கிடைக்காதவர்கள் சதுர அலையைப் பயன்படுத்தலாம். சரியான சதுர அலையில் மூன்றாம் ஹார்மோனிக் முதன்மையைவிட 9.5 டெசிபல் கீழே, ஐந்தாவது 14 டெசிபல், ஏழாவது 16.9 டெசிபல். ஒன்றிரண்டு மெகாஹெர்ட்ஸில் நல்ல சதுர அலை கிடைத்தால் இந்த எண்களைச் சரிபார்க்கக் காசு செலவில்லை.

பழுதே இல்லாத ‘பழுது’ ஒன்றும் வந்தது. கோட்டையூர்ப் பக்கம் கேபிள் டிவி நடத்தும் தம்பி ஒருவர் தன் மீட்டரையும் எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு டிஜிட்டல் சேனலுக்கு அவர் மீட்டர் 60 டெசிபல்-மைக்ரோவோல்ட் (1 மைக்ரோவோல்ட்டை 0 என்று வைத்த கணக்கு) காட்டியது. என் திரையில் 38 அளவில் நின்றது. “அண்ணே, இருபத்திரண்டு டெசிபல் குறைகிறதே! இந்தப் பெட்டிக்கா இவ்வளவு பாடு?” என்று சிரித்தார். உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் மீட்டர் சேனல் முழுவதன் திறனையும் கூட்டிச் சொல்கிறது. என் கருவி, அப்போது இருந்த அமைப்பில், ஒரு நேரத்தில் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தை மட்டும் பார்க்கிறது. டிஜிட்டல் சேனல் ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இரைச்சல்போலப் பரவியிருப்பதால் அங்கேயே 18 டெசிபலுக்கு மேல் போய்விடுகிறது. இரைச்சல் போன்ற சிக்னலை லாக் அளவில் சராசரி எடுத்தால் இன்னும் 2.5 டெசிபல் குறையும். அவர் எண் 75 ஓம் கணக்கு, என்னுடையது 50 ஓம் கணக்கு. அதே திறனுக்கு மைக்ரோவோல்ட் எண்ணில் 1.8 டெசிபல் வேறுபாடு. வடிகட்டியின் வடிவத்துக்கான சின்னத் திருத்தத்தையும் சேர்த்தால் 22 வந்துவிடும். 75 ஓம் கேபிளை 50 ஓம் உள்ளீட்டில் நேராக இணைத்ததால் பொருத்தமின்மையில் போனது வெறும் 0.2 டெசிபல்தான். 75-இலிருந்து 50-க்கு மாற்றும் பொருத்த பேட் போட்டால்தான் 5.7 டெசிபல் போகும். அந்த எண்ணை எல்லா இடத்திலும் கழித்துவிடுகிறவர்களும் உண்டு. ‘N’ வகையில் 75 ஓம் கனெக்டரின் நடு ஊசி மெலிதானது. 50 ஓம் ஆண் முனையை 75 ஓம் பெண் முனையில் செருகினால் அதன் விரல்கள் உடைந்துவிடும் என்பதையும் தம்பியிடம் சொல்லி வைத்தேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். அளவுத்திருத்த சிக்னலின் அளவு மாடலுக்கு மாடல் வேறு: 8566பி-யில் 100 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 10, 8590 வரிசையில் 300 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 20, 8560 வரிசையில் 300 மெகாஹெர்ட்ஸ், மைனஸ் 10. இதைத் தெரிந்துகொண்டு போய், அந்த சிக்னலை வைத்தே அட்டெனுவேட்டரின் எல்லாப் படிகளையும் விற்பவர் முன்னிலையில் மாற்றிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. 8590 வரிசை போலத் திருத்த எண்களைப் பேட்டரியின் துணையோடு நினைவில் வைத்திருக்கும் கருவி என்றால், பேட்டரியை மாற்றும் முன் அந்த எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி செத்துப்போனால் தொழிற்சாலையில் அளந்து வைத்த எண்கள் அழிந்து, கருவி பொதுவான எண்களை வைத்துக்கொண்டு ஓட்டும். அப்போது வீச்சுப் பிழை வந்தால் அது எந்த உறுப்பின் பழுதும் அல்ல. விலை பேசும்போது அட்டெனுவேட்டர் பழுதைக் குறை சொல்லித் தள்ளுபடி கேட்கலாம். ஆனால் பிழை அசைகிறதா, அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். அசையாவிட்டால் தள்ளுபடி எவ்வளவு கிடைத்தாலும் அந்தக் கருவி எனக்கு வேண்டாம்.

என் 8568பி இப்போது 1 கிகாஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபலுக்குள் நிற்கிறது. 1.2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் படிப்படியாகச் சரிந்து, கடைசியில் இரண்டு டெசிபல் குறைகிறது. அட்டெனுவேட்டரின் எல்லாப் படிகளிலும் அதே சரிவு இருப்பதால் முதல் மிக்சரிலோ அதற்கு முன்னால் உள்ள வடிகட்டியிலோ ஏதோ இருக்க வேண்டும். அதிர்வெண்ணுக்கு எவ்வளவு கூட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு சிறு பட்டியல் எழுதி மேல்மூடியில் ஒட்டிவிட்டேன். நான் பார்க்கும் வேலை 7, 14, 21 மெகாஹெர்ட்ஸில். மிக்சரைத் திறக்கும் உத்தேசம் இப்போதைக்கு இல்லை.